கத்தரிக்கோலின் ஏழு படங்கள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். என் மூளையும் சுகமாக இருக்கிறது என்று டாக்டரே சொல்லிவிட்டதால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கவேண்டும், கோபத்தோடு எழுதினாலும் இதை மனசாரத்தான் எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ நடுவில் புகுந்து அம்மா அம்மா என்று அழுவாய், நான் இளகிப்போய்ச் சரி விடு என்று சொல்லித் தொலைப்பேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, முழுசாகப் படி.

ஐந்து மாதத்துக்கு முன்னால் நீ கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. “தினம் வீட்டுல இருக்கிற ஏதாவது ஒரு பொருளைப் போட்டோ எடுத்து அனுப்பும்மா, கீழ அதைப் பத்தி நாலு வரி எழுது, வீட்டுக்கே வந்த மாதிரி இருக்கும்” என்றாய். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிள்ளை வீட்டை நினைத்து ஏங்குகிறாளே என்று மறுநாளே தொடங்கினேன். முன்னறை ஜன்னல் ஓரமாக ஸ்டூலைப் போட்டு, மேலே தலையணை உறையை இஸ்திரி போட்டு விரித்து, சாவிக்கொத்து, சோப்பு டப்பா, அப்பாவின் மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொன்றாக உட்காரவைத்தேன். முட்டை நிற்காமல் உருண்டது, அடியில் ஒரு சிட்டிகை உப்பைக் குவித்து நிறுத்தினேன். கண்ணாடி டம்ளருக்குள் நான் நைட்டியோடு தெரிந்தேன், அதற்காகக் கறுப்புக் குடையை விரித்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டு எடுத்தேன். நிழல் கறுத்து விழும் பக்கத்தில் அப்பா வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கை வலிக்கிறது என்று முனகுவார், ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொன்ன இடத்தில் இந்த மனிதர் அசையாமல் நின்றது இதற்குத்தான் என்று எதிர்வீட்டுக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை, சும்மா ஒரு உடம்புச் சோதனை என்று நீ ஏற்பாடு செய்த டாக்டரம்மாவிடம் போனோம். ரத்தம் எடுப்பாள், நாக்கை நீட்டச் சொல்வாள் என்று பார்த்தால் அந்தப் பெண் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். திரை முழுக்க என் படங்கள். அதிலும் நம் கத்தரிக்கோல் மட்டும் ஏழு தடவை, ஒவ்வொன்றுக்கும் தேதி, பக்கத்தில் உன் குறிப்பு. ‘திரும்பவும் புதிதாக அனுப்புவதுபோல் அனுப்பியிருக்கிறார், எழுதியதும் ஒரு வார்த்தை மாறாமல் அதேதான்’ என்று இருந்தது. “முன்னாடியே அனுப்பினது உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சாம்மா” என்று பால்வாடிக் குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன், அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் உடந்தை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் நான். ஒரு பக்கம் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பப் படி எடுத்துப் பார்ப்போம், சரியாக இருக்கிற வரியில் கை வைக்கமாட்டோம். கத்தரிக்கோலுக்கும் அதைத்தான் செய்தேன். முதல் படத்தில் அலகில் வெயில் பட்டுப் பளீரென்று வெளுத்துவிட்டது. இரண்டாவதில் நிழல் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டு மூன்று வளையம் இருப்பதுபோல் தெரிந்தது. நாலாவதில் ஓரமாக உன் அப்பாவின் கட்டைவிரல். ஏழாவதில்தான் என் விரல் பட்டுப் பட்டுப் பெயிண்ட் போன இடம் தெளிவாக விழுந்தது. பிழை படத்தில்தானே, எழுத்தில் இல்லையே என்று அதே நாலு வரியை ஒவ்வொரு தடவையும் கீழே போட்டேன். இதைச் சொன்னதும் டாக்டரம்மா ஏழையும் வரிசையாக வைத்து நிழலைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அப்புறமும் விடவில்லை, கடிகாரம் வரையச் சொன்னாள், நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னாள், கடைசியில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். நீ அந்த ஏழுக்கும் எனக்கு என்ன பதில் போட்டாய் என்று எடுத்துப் பார்த்தேன். ஏழுக்கும் ‘சூப்பர்மா’. ஏம்மா இதையே அனுப்புகிறாய் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும் குட்டிம்மா.

உன் பெரியம்மா கடைசியில் என்னையே யார் என்று கேட்டாள், அந்தப் பயம் உனக்கு இருக்கும், எனக்கு இல்லையா? அதனால் அதையாவது பொறுத்துக்கொள்வேன். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அப்பா மீதியையும் கக்கிவிட்டார். வீட்டிலிருந்தே திருத்திக் கொடுக்க முதலாளி எனக்கு அனுப்பும் அச்சகப் பக்கங்கள் மூன்று மாதமாக வரவில்லை, கேட்டால் “வேலை கம்மிம்மா” என்பார், பாவம் அவருக்கு என்ன கஷ்டமோ என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அவருக்குப் போன் போட்டு, அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது, வேலை கொடுக்காதீர்கள், நான் சொன்னதாகவும் காட்டிக்கொள்ளாதீர்கள் என்று சொன்னது நீயாம். நான் வயிற்றில் சுமந்த பிள்ளை எனக்குத் தெரியாமல் என் வேலையைப் பிடுங்கியிருக்கிறது.

மறுநாளே டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். முதலாளி நாற்காலி போட்டு உட்காரவைத்தார், ஒரு கட்டுப் பக்கமும் கொடுத்தார். சனிக்கிழமை திருத்தித் திருப்பிக் கொடுத்தேன். முன்பெல்லாம் என் கை பட்ட பக்கம் நேரே இயந்திரத்துக்குப் போகும். இப்போது அங்கே புதிதாக உட்கார்ந்திருக்கும் பெண், என் கண் முன்னாலேயே முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா, ரெண்டு பேர் பார்த்தா நல்லதுதானே” என்றார் முதலாளி. டாக்டர் சீட்டைவிட உன் ஒரு வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு.

நீயே அவருக்குப் போன் போட்டு, நான் சொன்னது தப்பு என்று உன் வாயால் சொல்லவேண்டும், அப்பாவை விட்டுச் சொல்லச் சொல்லாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், வேளைக்குச் சாப்பிடு. கண் கலங்காமல், நோய்நொடி இல்லாமல், பேரும் புகழுமாக நூறு வருஷம் இரு.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். அப்படியும் மனசு கேட்கவில்லை, அப்பாவிடம் கொடுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள் என்றேன். நான் எழுதியதை இன்னொருவரிடம் சரிபார்க்கக் கொடுப்பது இதுதான் முதல் தடவை. படித்துவிட்டு, ஒரு பிழையும் இல்லை என்றார். இல்லாததால் சொன்னாரா, நீ அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா