உன் இடது, என் இடது

திற்பரப்பு,
வியாழக்கிழமை.

அன்பு மகள் லிஜாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் சுகம்தானே என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை.

முந்திரிக்கொத்து டப்பாவின் அடியில் விரித்த தாளுக்குக் கீழே இதை வைக்கிறேன். மருமகன் ஆன்ஸ்லின் இனிப்பைத் தொடமாட்டார். ஆனால் உன் போனைத் திறந்து பார்ப்பார். போன மாதம் உன் பெயரில் எனக்குப் பதில் போட்டதும் அவர்தான். கல்யாணமாகி ஷார்ஜா போய் நாலு வருஷத்தில் நீ ஒருநாளும் என்னை 'மம்மி' என்று கூப்பிட்டதில்லை.

குழித்துறையில் நான் பார்க்கும் வேலையைப் பற்றி உனக்கு விவரமாகச் சொன்னதில்லை. கம்ப்யூட்டருக்கு மனித உடம்பைக் கற்றுக்கொடுக்கும் வேலை. படத்தைப் பார்த்ததும் ஆள் நிற்கிறானா, குனிகிறானா, விழுகிறானா என்று அது தானே அறிய வேண்டும். அதற்காக மூக்கிலிருந்து கணுக்கால் வரை ஒவ்வொருவர் மேலும் பதினேழு புள்ளி வைக்கிறோம். துணிக்குள் மறைந்த மூட்டுக்கும் இடத்தை ஊகித்து வைக்க வேண்டும். பக்கத்து இருக்கை பிந்து, "அக்கா, சந்தையில மீன்காரியக் கண்டாலும் எனக்குத் தோளும் முட்டுமாத்தான் தெரியுது" என்று சிரிப்பாள்.

இப்போது வருவதெல்லாம் அடிதடிப் படங்கள். எங்கே அடி விழுந்தாலும் காமிராவே அறிந்து அலாரம் அடிக்க வேண்டுமாம். ஒரு கடைவாசலில் மூன்று பேர் ஒருவனை இரும்புக்கம்பியால் அடிக்கிறார்கள். நான் நிறுத்தி, நகர்த்தி, மறுபடி நிறுத்தி, அவன் கைமுட்டு மடங்கக்கூடாத பக்கம் மடங்கிய இடத்தில் புள்ளி வைக்கிறேன். ஒருத்தியை முடியைப் பிடித்துப் படிக்கட்டில் இழுக்கிறான். ஒவ்வொரு படியிலும் அவள் காது எங்கே மோதுகிறது என்று குறிக்கிறேன். சத்தமே இருக்காது. ஆறு மாதத்தில் ஒன்று புரிந்தது. சறுக்கி விழுகிறவர் கைகள் தரையைத் தேடிப் போகும். அடிவாங்கிப் பழகியவர் கைகள் தலையைத் தேடிப் போகும், அடிக்கிறவன் கை உயரும் முன்பே.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ சால்வை போர்த்திக்கொண்டு வந்தாய். "குளிமுறியில சறுக்கி விழுந்துட்டேன் அம்மா" என்றாய். அப்போது ஆன்ஸ்லின் உன் பின்னால் வந்து அலமாரியிலிருந்து டம்ளர் எடுக்கக் கையை நீட்டினார். உன் ஒரு கை தலைக்கு மேலே போனது. மறு கை சால்வைக்குள் பாதியில் நின்று துடித்தது. நான் பதறி, "வலது கையிலயா அடி?" என்று கேட்டேன். நீ உடனே வலது கையை நீட்டி மடக்கிக் காட்டினாய். "பாத்தியளா, ஒண்ணும் இல்ல." அவரும் சிரித்தார். "மாமிக்குக் கண்ணாடி மாத்தணும்." நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமும் இதே தப்பைத்தான் செய்தேன். எல்லாப் படத்திலும் இடது வலதை மாற்றி வைத்துவிட்டேன். சூப்பர்வைசர் அனில்குமார் மொத்தத்தையும் திருப்பி அனுப்பினான். "அக்கா, எதிர்ல நிக்கியவனுக்க இடது கைதான் வேணும், உங்களுக்க இடது இல்ல." திரையில் எனக்கு வலப்பக்கம் தெரிந்தது உன் இடது கை, மக்களே. ஒடிந்தது அது. நான் தப்பாகக் கேட்டதால் நீ இன்னொரு பொய் சொல்லாமலே தப்பித்தாய்.

இன்னொன்று. சிறுவயதிலிருந்தே நீ பாத்ரூம் என்றுதான் சொல்வாய். குளிமுறி என்னுடைய சொல். உன் அப்பா ரப்பர்பால் உறைய வைக்கும் அலுமினியத் தட்டின் விளிம்பால் என் புருவத்தைப் பிளந்த அன்று, அடுத்த வீட்டு ஞானபாய் சித்தியிடம் நான் சொன்ன வாக்கியம் அது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வாய் தெளிவாகப் பொய் சொன்னது. உனக்கு ஏழு வயது, அடுக்களை வாசலில் நின்றாய். உன்னை யாரும் அடிக்கவில்லை. ஆனாலும் உன் இரண்டு கையும் தலைமேல் இருந்தன. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், தரை துடைக்கத் துணி எடுத்துவரச் சொன்னேன். அவர் செத்து ஆறு வருஷம் ஆகிறது. நான் கற்றுக்கொடுத்த பொய் இன்னும் சாகவில்லை.

இதைக் கொண்டுவருகிறவள் ஞானபாய் சித்தியின் மகள் ராகேல். அங்கேதான் நர்ஸ் வேலை. எல்லாம் சொல்லியிருக்கிறேன். "அவனுக்க கைய ஒடிச்சிட்டு வரட்டா பெரியம்மா?" என்று கேட்டாள். கதவைத் தட்டினால் போதும் என்றேன்.

வருகிற ஞாயிறு வீடியோவில், புறப்படச் சம்மதம் என்றால் உன் வலது காதைத் தொடு. மறுநாள் அவர் டூட்டிக்குப் போனதும் ராகேல் வாசலில் நிற்பாள். பாஸ்போர்ட்டைத் தேடி நிற்காதே. தூதரகத்தில் வேறு தாள் வாங்கலாம், விசாரித்துவிட்டேன். உடுத்த துணியோடு இறங்கு. ஊரில் கேட்டால் சறுக்கி விழுந்தாள் என்று சொல்லமாட்டேன். அவன் அடித்தான் என்பேன். என்னையும் அடித்தார் என்பேன்.

படித்ததும் இதைக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விட்டுவிடு.

உன் மேலுள்ள பதினேழு புள்ளியையும் கர்த்தர் காப்பாராக. ஞாயிற்றுக்கிழமை எதிரில் உட்கார்ந்திருப்பேன். காதைத் தொடு மக்களே. உன் வலது. இந்தத் தடவை எனக்குப் பக்கம் மாறாது.

இப்படிக்கு,
உன் அம்மா