செர்ரி தெரு மாடி வீட்டுக்கு இரண்டு விண்ணப்பங்கள்

மார்ச் 4, செவ்வாய்
டொலீடோவில் பனி இன்னும் உருகவில்லை. எங்கள் கட்டடத்தை விற்றுவிட்டார்கள்; ஏப்ரல் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். இன்று செர்ரி தெருவில் ஒரு மாடி வீடு பார்த்தேன். சமையலறை ஜன்னலில் நல்ல வெயில். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னோடு விரிப்பு மடிக்கும் ரொண்டாவிடம் சொல்லிவிட்டேன். "எனக்கும் வீடு வேணும்டி லோரீன். நானும் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள். பாரேன் என்றேன். வேறென்ன சொல்வது?

மார்ச் 7
விண்ணப்பம் கொடுத்தாயிற்று. வீட்டுக்காரி திருமதி ஹல்பர்ட் சம்பளச் சீட்டு, பழைய முகவரிகள் எல்லாம் வாங்கிக்கொண்டாள். "விசாரிக்கிற கம்பெனிக்கு அனுப்புவேன். அவங்க சரின்னா நானும் சரி." பதினொரு வருஷமாக வாடகை ஒரு நாள் தவறியதில்லை என்றேன். "அதெல்லாம் அதுல வராதும்மா."

மார்ச் 11
இல்லையாம். கடன் கட்டும் ஒழுங்குக்குப் போடுகிற கிரெடிட் ஸ்கோர் எனக்கு 561தான். கட்டின புருஷன் டேல் என் பெயரில் கிரெடிட் கார்டு வாங்கித் தேய்த்துக் கடனாக்கிவிட்டு ஓடி ஆறு வருஷம் — இன்னும் என் தலையில்தான்.
ரொண்டாவுக்கு 748. சாப்பாட்டு வேளையில் போனைத் திருப்பிக் காட்டினாள், பரீட்சை மார்க் மாதிரி. "உனக்குச் சந்தோஷம் இல்லையாடி?"
"சந்தோஷம்தான்" என்றேன். பாதி சாண்ட்விச்சைத் திரும்பச் சுற்றி வைத்தேன்.

மார்ச் 12
748.

மார்ச் 13
அவ என்ன என்னைவிட ஒழுங்கா? அவ மடிச்ச விரிப்பை நான் திருப்பி மடிக்கணும். அவளைக் கட்டினவன் நல்லவனா செத்துப் போனான், என்னைக் கட்டினவன் உயிரோட ஓடிப் போனான். அவ்வளவுதானே வித்தியாசம்? அந்த ஜன்னலை நான்தான் முதல்ல பார்த்தேன்.

மார்ச் 14
ஹல்பர்ட் போன் செய்தாள். "ரொண்டா விசாரிக்கச் சொல்லி உங்க பேரைக் குடுத்திருக்கா. ஸ்கோர் பிரமாதம். தனியாத்தானே இருப்பா?"
ஆமாம் என்றால் முடிந்திருக்கும். "ஏப்ரல்ல அவ தம்பி வருவான்" என்றேன்.
"எங்கேருந்து?"
பேசாமல் இருந்தேன். அவளுக்குப் புரிகிற வரைக்கும்.
"ஜெயிலா?"
"கார் திருடினான். மத்தபடி நல்லவன்."
பொய் ஒன்றுகூடச் சொல்லவில்லை. அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 17
ரொண்டாவுக்கும் வீடு இல்லை. உடைமாற்றும் அறையில் அழுதாள். "தம்பி கர்ட் பேரை நான் எழுதவே இல்லடி. அவன் வரான்னு ஹல்பர்ட்டுக்கு எப்படித் தெரிஞ்சுது?"
"கம்ப்யூட்டர்ல எல்லாம் வந்துடும்" என்று தோளைத் தடவிக் கொடுத்தேன். எழுதக் கூசுகிறது. ஆனால் இனித்தது.

மார்ச் 29
செர்ரி தெரு வழியாக வந்தேன். அந்த ஜன்னலில் யாரோ திரை போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 9
ரொண்டாவுக்கு இரண்டு படுக்கையறை வீடு கிடைத்திருக்கிறது. இந்த முறை அவளே கர்ட்டைப் பற்றிச் சொல்லிக் கேட்டாளாம். அவன் கூடாது என்றார்களாம்.
"ஒரு ரூம் சும்மா கிடக்கு. நீ தெருவுலயா நிப்ப? வா. உன் ஸ்கோர் குறைஞ்சாலும் பரவாயில்லையாம், என்னோடது போதுமாம். ஜெயிலுக்குப் போனவன்தான் ஆகாதாம்."
"கர்ட்?"
"டேட்டன் ஊர்ல ஜெயில்லேருந்து வர்றவங்க தங்க ஒரு விடுதி இருக்கு." கையிலிருந்த விரிப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.
ஹல்பர்ட்டிடம் சொன்னது நான்தான் என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "சரி" என்று வந்தது.

மே 4, ஞாயிறு
குடிவந்து நாலு நாள். என் அறையில் பெரிய கட்டில், ஆறரை அடி ஆளும் படுக்கலாம். கர்ட்டுக்காக ரொண்டா பிப்ரவரியிலேயே வாங்கி வைத்திருந்தாளாம். சாயங்காலம் சமையலறையில் தம்பியோடு போன் பேசினாள். கதவைச் சாத்தவில்லை. "லோரீன் இருக்காடா, எனக்கென்ன குறை? நீ ஒழுங்கா சாப்பிடு."
படுத்துக் காலை நீட்டிப் பார்த்தேன். கட்டிலின் முனை எட்டவில்லை.