ஊர் மாறினவர் பதினாலு பேர்

சங்கரன்கோவில்
12.11.2025

அன்பு மகள் பெனிட்டாவுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் சுகம். நீயும் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிப்பாய், உன் அறையில் இருக்கிற மற்ற இரண்டு பிள்ளைகளும் உன்னைப் போலவே கோமதியம்மாள் டாக்டரிடம் படிக்கிறவர்கள், இது அவர்கள் காதில் விழ வேண்டிய சங்கதி இல்லை. தனியாக உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

இங்கே மழை இரண்டு நாள் பெய்கிறது, நாலு நாள் ஏமாற்றுகிறது. அப்பாவுடைய கடையில் பின்பக்கம் ஒழுகுகிறது, ஊருக்கெல்லாம் ஒழுகாத பெயிண்ட் விற்கிறவர் தன் கடையில் வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கேட்டால் பெத்துராஜ் கடை பெயிண்ட் வாங்கினவனுக்குத்தான் ஒழுகாது, விற்றவனுக்கு இல்லை என்கிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது, ஆனால் இந்த மூன்று வாரமாக எந்தச் சிரிப்பும் நிலைக்கவில்லை.

டாக்டருக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுக்க ஏற்பாடு நடப்பது உனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் மருத்துவத் துறைகள் அத்தனைக்கும் தலைவராக இருந்து மாசியில் ஓய்வு பெறுகிறவர், அதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று களத்தில் வேலை செய்தவரிடமிருந்து வர வேண்டுமாம். புரட்டாசிக் கடைசியில் டாக்டரே போன் செய்து, நீதான் எழுதணும் ஜெபக்கனி, ஒனக்குத்தான் எழுத்து நல்லா வரும் என்றார். அன்றைக்கு முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினெட்டில் கல்யாணம், அடுத்த வருஷமே நீ, நூலகத்துப் புத்தகமே உலகம் என்று கிடந்தவளை அஞ்சல் வழியில் பட்டம் வாங்க வைத்தவர் அவர். உன்னை இந்தப் படிப்புக்குக் கூட்டிப் போனவரும் அவர். என்ன எழுதினாலும் காணாது என்றுதான் உட்கார்ந்தேன்.

பனவடலிசத்திரம் பக்கத்து மூன்று சிற்றூர்களில் ஐந்து வருஷம் நான் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், அப்போது நீ பள்ளிக்கூடத்தில் படித்தாய். வயற்காட்டு வேலை செய்கிறவர்களுக்குச் சர்க்கரையும் இல்லாமல் குடியும் இல்லாமல் சிறுநீரகம் கெட்டுப்போகிறதே, ஏன் என்று பார்க்கிற ஆய்வு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, தண்ணீர் குடிக்கச் சொல்லி அறிவுரை, இவ்வளவுதான் டாக்டருடைய முறை. ஐந்து வருஷத்தில் இரண்டே சாவு என்று முடிவு வந்தது. அந்த இரண்டு என்கிற எண்தான் டாக்டரை மேடை மேடையாகக் கூட்டிப் போனது. அதை நம்பித்தான் இப்போது நாற்பது ஊர்களுக்கு இதே முறை வரப்போகிறது.

கடிதத்தில் பயன் அடைந்த ஒருவருடைய வார்த்தையையும் சேர்க்கலாம் என்று நினைத்தேன். பூ மார்க்கெட்டில் ஒரு நாள் சுப்புத்தாய் பிச்சிப்பூ எடை போட நின்றாள். அவள் புருஷன் எங்கள் ஆய்வில் இருந்தவர், என் நோட்டில் அவர் பெயருக்கு நேரே 'ஊர் மாறினவர்' என்று எழுதியிருந்தது நினைவு வந்தது. இப்போது எந்த ஊரில் இருக்கிறார், திருப்பூரா என்று கேட்டேன். அவள் தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க ரத்தம் எடுத்த நாலாம் மாசமே அவுக போய்ச் சேந்தாச்சு மதினி. ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

எனக்குத் தெரியாது மக்கா. எப்படித் தெரியாமல் போனது என்று சொல்கிறேன். அந்தப் பக்கம் வீட்டு ஆண் இறந்துவிட்டால், காரியம் முடிந்ததும் தாய்வீட்டார் வந்து பெண்ணையும் பிள்ளைகளையும் அழைத்துப்போய் ஆறு மாதம் ஒரு வருஷம் வைத்திருப்பார்கள். வீடு பூட்டிக் கிடக்கும். மூன்று தடவை போயும் பூட்டியிருந்தால் 'ஊர் மாறினவர்' என்று எழுத வேண்டும், அதற்கப்புறம் அந்த வீட்டுக்குப் போக வேண்டாம், அதுதான் எங்களுக்குக் கொடுத்த விதி. பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், ஆனால் ஒரு வீட்டு நோயை இன்னொரு வீட்டில் விசாரிப்பது எனக்குப் பிடிக்காது. என்னை யாரும் துருவினால் எனக்கு எப்படிக் கூசும் என்று உனக்குத் தெரியும். மற்றப் பெண்கள் வம்பு பேசுகிறார்கள், நான் பேசுவதில்லை என்று அதில் எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டை எடுத்தேன். ஊர் மாறினவர் பதினாலு பேர். மறுவாரம் கடைக்குப் போகாமல் அந்தப் பதினாலு வீட்டுக்கும் போனேன், இந்தத் தடவை பக்கத்து வீடுகளிலும் கேட்டேன். மூன்று பேர் உண்மையிலேயே கேரளாவிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். மீதிப் பதினொரு பேர் இறந்துவிட்டார்கள். எல்லோருமே ஒரு பரிசோதனைக்கும் அடுத்த பரிசோதனைக்கும் நடுவில். சாவு இரண்டு இல்லை, பதின்மூன்று. வருஷத்துக்கு ஒரு தடவை என்பது போதவே போதாது. ஆய்வில் இருந்த மருதப்பனை நான் போன அன்றைக்கே பார்த்தேன், ஆடு மேய்க்கிறவர், இரண்டு காலும் வீங்கி, அமுக்கினால் குழி விழுகிறது. ஆய்வு முடிந்தும் அந்த ஊர்களில் நடக்கிற வருஷப் பரிசோதனையின் அட்டையைக் காட்டி, தையிலதான் எனக்கு முறை, அதுக்குள்ள என்ன அவசரம் என்கிறார். அப்பா வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். தை வரை தாங்கியிருக்க மாட்டார் என்று அங்கே சொன்னார்களாம். இன்னும் வார்டில்தான் இருக்கிறார்.

யாரிடமும் சொல்லும் முன் டாக்டரிடம் சொல்வதுதான் முறை என்று அவருக்குப் போன் செய்தேன். பதினொரு பெயரையும் வாசித்தேன், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.  டாக்டர் மெதுவாக, எப்போதும் பேசுகிற அதே அன்பான குரலில் கேட்டார்: "பெனிட்டா நல்லாப் படிக்காளா? அவளுக்கு இது கடைசி வருஷம்லா."

அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு நாளும் அவருக்கு இது தெரியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெரிந்த பிறகு அவர் வாயில் வந்த முதல் பெயர் உன்னுடையது. மேடம் இரண்டு வாரமாக என்னைப் பார்க்கவே நேரம் தரவில்லை, என் ஆய்வேட்டை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை என்று போன ஞாயிறு சொன்னாயே, நீ எதுவும் தப்புச் செய்யவில்லை. காரணம் இதுதான்.

போன் பேசின அந்த வாரம் வியாழக்கிழமை டாக்டருடைய உதவியாளர் அபிஷேக் காரில் வந்தார். விருது விழாவில் பழைய களநோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டப் போகிறார்களாம், எடுத்துப்போக வந்தேன் என்றார். அப்பா டீயைக் கொடுத்துவிட்டு, மொத்தம் ஒன்பது நோட்டு இருக்கே தம்பி, எல்லாமா வேணும் என்று கேட்டார். "அந்த அஞ்சாவது நோட்டு மட்டும் போதும் அண்ணாச்சி" என்று சிரித்தார் அவர். எந்த நோட்டில் பதினாலு பேரும் இருக்கிறார்கள் என்று நான் டாக்டரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். நோட்டு இங்கே இல்லை என்றேன். அது பொய். நன்றாகத் தேடிப்பாருங்க, நாங்க திரும்ப வாரோம் என்று எழுந்தார். கார் சாயங்காலம் வரை தெருமுனையிலேயே நின்றது. அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்துவிட்டது, யாரும் இறங்குவதில்லை, கண்ணாடியையும் இறக்குவதில்லை. அப்பா வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் முன்கதவைப் பகலிலும் தாழ் போடுகிறார்.

இன்று காலையில் பரிந்துரைக் கடிதத்தை எழுதி முடித்தேன். எழுத மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு முதன்முதலில் வந்த டாக்டர் அவர், வியர்வை நாறுகிற மனுஷரைத் தொட்டுப் பார்த்தவர், என்னைப் போன்றவர்களைப் படிக்க வைத்தவர், எல்லாம் உண்மை, எல்லாவற்றையும் எழுதினேன். அதற்குக் கீழே பதினொரு பெயர்களையும் அவரவர் இறந்த மாதத்தையும் எழுதி, கணக்கெடுத்தது நான், பிழை என்னுடையது, நாற்பது ஊருக்கும் போகும் முன் இதைத் திருத்துங்கள் என்று கையெழுத்துப் போட்டேன். நோட்டின் பக்கங்களை நகல் எடுத்து இணைத்திருக்கிறேன். விருதுக் குழுவுக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று, இரண்டும் பதிவுத் தபாலில் போய்விட்டன. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவையும் அங்கே வந்திருக்கும். திங்கட்கிழமை மேலநீலிதநல்லூரில் முதல் முகாம், ஆட்டோவில் மைக் கட்டி, வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். தபால் முந்துமா முகாம் முந்துமா என்று தெரியவில்லை.

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று உனக்குக் கோபம் வரும். வர வேண்டியதுதான். கேட்டிருந்தால் அனுப்புங்கம்மா என்றுதான் சொல்லியிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை. நாளைக்கு உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிப்பார்கள், உன் கடைசி வருஷம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, நல்லதாகவே முடியும் என்று உனக்குப் பொய் சொல்லவும் மாட்டேன். படிப்பு நின்றுபோனால் வீட்டுக்கு வா, வேறு வழி பார்ப்போம். டாக்டருக்கு விருது கேட்டு மாணவர்கள் சார்பில் ஒரு கடிதம் சுற்றுக்கு வருகிறது என்றாயே, அதில் கையெழுத்துப் போடும் முன் இந்தப் பதினொரு பேரையும் ஒரு தடவை நினைத்துக்கொள், அதற்கு மேல் உன் விருப்பம். யார் கேட்டாலும் பயப்படாமல், அம்மா என்னைக் கேட்காமல் செய்தாள் என்று சொல். அது உண்மை, அதை உனக்காகத்தான் வைத்திருக்கிறேன்.

எந்த ஆபத்தும் உன்னைத் தொடாமல் ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். அப்பா உன் தலையில் கை வைத்ததாக எழுதச் சொன்னார். வெளியே போகும்போது தனியாகப் போகாதே, அறைக்குத் திரும்பினதும் ஒவ்வொரு நாளும் ஒரு மிஸ்டுகால் கொடு.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமல் செய்த அம்மா,
பெ. ஜெபக்கனி