நெற்றி வரைக்கும் வந்த படம்

பேனர் கடையில் நாம் வேலை பார்த்த கம்ப்யூட்டர் இப்போது என் வீட்டில் இருக்கிறது. சூடேறினால் அதே வாசனைதான், கருகின தூசியும் பழைய பிளாஸ்டிக்குமாக. முதல் நாள் அது மூக்கில் ஏறியதும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உனக்கு இடம் வேண்டுமே என்று கை தானாகச் செய்தது.

முதலாளி கடையை மொபைல் கடையாக மாற்றியபோது இதைப் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தார். டிஸ்க் பழுதாகிப் பாதி ஃபோல்டர்கள் திறக்கவில்லை. இருந்தும் கேட்டு வாங்கி வந்தேன். உன் படம் ஒன்று அதற்குள் இருந்தது. ஆயுத பூஜையன்று மானிட்டருக்குச் சந்தனம் வைத்துவிட்டு, விரலில் மிஞ்சியதை என் கன்னத்தில் அப்பிச் சிரித்தாயே, அப்போது நான் எடுத்தது. பச்சைச் சுடிதார். என் போன் தண்ணீரில் விழுந்து போன பிறகு அந்தப் படம் வேறெங்கும் இல்லை.

அது உன் அம்மாவுக்கு வேண்டும்.

பாகூரைச் சுற்றி இறந்தவர்களுக்கெல்லாம் கண்ணீர் அஞ்சலி பேனர் செய்தவள் நீ. ரேஷன் கார்டு, ஆதார், யாருடைய கல்யாண ஆல்பத்திலோ ஓரமாக நின்ற படம், எதிலிருந்தாவது முகத்தை வெட்டி எடுத்துவிடுவாய். அதை ஒட்ட, ஆண்களுக்குக் கோட்டு சூட்டு மாட்டிய உடம்பு. பெண்களுக்கு அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டிய உடம்பு. நம் கம்ப்யூட்டரில் இருந்த பெண் உடம்பு அந்த ஒன்றுதான்.

“ஏண்டி, செத்துப்போனவங்க எல்லாம் ஒரே கடையிலயா பொடவ எடுத்தாங்க?”

“மேல ஒரே கடதாண்டி இருக்கு. அதுலயும் ஒரே டிசைன்தான்.”

போன வருஷம் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. உன் பேனரை முதலாளியே செய்தார். அவசரத்தில் உன் ஆதார் முகத்தை அதே பட்டுப்புடவை உடம்பில் வைத்துவிட்டார். தெருமுனையில் கட்டியிருந்ததைப் பார்த்து உன் அம்மா அப்படியே நின்றார். “மூஞ்சி எம் பொண்ணு. ஒடம்பு யாருதுடி?” என்று என்னைக் கேட்டார்.

முதல் வருஷ நினைவு நாள் நெருங்கியபோது மறுபடி வந்தார். “இந்தத் தடவயாச்சும் அவ அவளா இருக்கட்டும்.”

தொலைந்துபோன படங்களை மீட்கும் மென்பொருள் ஒன்றை ஓடவிட்டேன். இந்தக் கிழட்டு கம்ப்யூட்டரில் அது ஓடவில்லை, ஊர்ந்தது. மீதி நேரமென்று அது காட்டிய கணக்கு குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போய், நினைவு நாளையும் தாண்டியது. ஆன்டிவைரஸை எடுத்துவிட்டேன். பின்னால் ஓடிய மற்றதையெல்லாம் நிறுத்தினேன். ராம் என்கிற மெமரி அட்டையைக் கழற்றி அதன் பித்தளை நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்தேன். “பல்லு வெளக்கி வுட்டா ஓடும்டி” என்று நீ செய்வதுதான். மூடியைத் திறந்துவைத்து டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன். முழு டிஸ்க்கும் வேண்டாம், படங்களை மட்டும் தேடு என்று மாற்றினேன். கொஞ்சம் வேகம் வந்தது. பிறகு ஓர் இடத்தில் சிக்கி, அதையே திரும்பத் திரும்பப் படிக்கப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது.

படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போகச் சொல்வது ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. உன் அம்மாவிடம் விளக்கினேன்.

“தாண்டிப் போற எடத்துல அவ இருந்தா?”

“தாண்டலன்னா அந்த நாளுக்குள்ள ஒண்ணுமே வராதும்மா.”

“இன்னாவோ பண்ணு. வந்த வரைக்கும் வரட்டும்.”

தாண்டவிட்டேன். அதற்கு அவ்வளவு வேகம் இருந்ததென்று எனக்குத் தெரியாது. யார் யாரோ கோட்டு சூட்டோடு வரிசையாக வந்தார்கள். அவர்கள் நடுவில் நீ. வகிடு, நெற்றி, ஏறி நின்ற ஒரு புருவம். அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம்.

உன் அம்மா திரையில் அந்த நெற்றியைத் தொட்டார். “இவதான்” என்றார். கொஞ்சம் கழித்து, “மீதி?” என்றார்.

மீதிக்காக அந்த இடத்தையே தாண்டாமல் மறுபடி படிக்க வைத்தேன். டிஸ்க் டக் டக்கென்று தட்டியது, பிறகு அடங்கிவிட்டது. அப்படி ஒரு டிஸ்க் இருப்பதே இப்போது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

முன்பே பென் டிரைவில் எடுத்துவைத்திருந்த நெற்றியோடு வில்லியனூர் பேனர் கடைக்குப் போனோம். “இது போதும்மா. கீழ ஏஐ நெரப்பிடும். கண்ணு மூக்கெல்லாம் சூப்பரா வந்துடும்” என்றார் கடைக்காரர்.

“யாரு கண்ண வெக்கும்பா?”

“நல்ல கண்ணாத்தான் வெக்கும்மா.”

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். இந்த வருஷம் தெருமுனையில் உனக்கு எதுவும் கட்டவில்லை.

பிரிந்தவர்கள் நமக்குள்ளேயே இருப்பார்கள் என்று எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன். படிக்கும்போது நம்பவும் செய்தேன். அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தவள் இப்போது நான் ஒருத்திதான். உன் அம்மா வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, “அன்னிக்கு எப்டிடி சிரிச்சா, சொல்லு” என்கிறார். சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் மாறிப்போகிறது. அவருக்கும் அது தெரிகிறது. நான் சொல்லி முடித்ததும் தலையை ஆட்டிவிட்டு, மறு தடவை வந்து திரும்பவும் கேட்கிறார்.