போட்டோவில் கறுப்பாக விழுந்த பேனா

நானா,

இன்று காலைத் தபாலில் சென்னைச் சஞ்சிகை வந்தது. உறையைக் கிழித்ததும் அச்சு மை வாசனை மூக்கில் ஏறியது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். முதல் பக்கத்தில் ஏதோ ஓர் எழுத்தாளரின் கறுப்பு வெள்ளைப் படம். யாரென்று பார்ப்பதற்கு முன்பே என் உள்ளங்கை அவர் முகத்தையும் பெயரையும் மூடிக்கொண்டது. நம் விளையாட்டின் சட்டம் அதுதானே. முகத்தைப் பார்க்கக் கூடாது. பேனாவை மட்டும் பார்த்து, அது என்ன வகை, என்ன நிறம், எப்படி மை நிரப்புவது என்று சொல்ல வேண்டும். பிறகுதான் கையை எடுக்கலாம். பக்கத்துக் கதிரையில் மறுத்துப் பேச இன்று ஆள் இல்லை. நீங்கள் போய் ஒரு வருஷமாகப் போகிறது. ஆனாலும் உங்கள் மேல் எனக்குள்ள எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் வருவதற்கு முன், கண்டி வாசிகசாலையில் பேனா விஷயத்தில் நான் சொன்னதுதான் முடிவு. நகரசபைக் கந்தோரில் கிளாக்கர் வேலை எனக்கு. கந்தோருக்கு வரும் பேனா விளம்பரப் படங்களைப் பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டேன். மூடியின் உச்சி தட்டையா கூம்பா, கொக்கியின் நுனி உருண்டையா, மை உறிஞ்ச உடம்பில் நெம்புகோல் இருக்கிறதா என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவேன். எந்த எழுத்தாளர் படம் வந்தாலும் "கிளாக்கரைக் கூப்பிடு" என்பார்கள். எனக்கென்று ஒரு பேனா கிடையாது, கந்தோர் மைக்கூட்டில் தொட்டுத்தான் எழுதுகிறேன் என்பதை யாரும் கேட்கவும் இல்லை, நானாகச் சொல்லவும் இல்லை.

அப்படி இருந்த இடத்துக்குத்தான் நீங்கள் வந்தீர்கள். அலவத்துகொடையிலிருந்து பஸ் ஏறி வந்து பட்டணத்தில் புடவைக்கடை நடத்துகிறவர். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைப்பதுபோல எல்லாரும் உங்களை 'நானா' என்றார்கள். தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி, மடிப்புக் கலையாத கோட்டு, கோட்டுப் பையில் தங்க வளையம் போட்ட பேனா. எனக்கு அன்றே பிடிக்கவில்லை. பேனாவைச் சொல்லவில்லை, பேனா அழகு. உங்களைத்தான்.

அந்தப் பெரிய நாவலாசிரியரின் படம் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுத்தில் நான் விட்டது ஒன்றும் இல்லை. சில கதைகளை மனப்பாடமாகவே ஒப்பிப்பேன். நீங்களோ அவர் எழுதியதில் ஒரு வரிகூட வாசித்ததில்லை. "கறுப்பு எபோனைட் ரப்பர், நெம்புகோல் வகை" என்றேன் நான். எல்லாரும் தலையாட்டினார்கள். நீங்கள் மட்டும் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்.

"வகை சரி கிளாக்கர். ஆனா இது கறுப்பில்ல. செவப்பு."

"கண்ணுக்கு முன்னாடி கறுப்பா இருக்கு நானா. செவப்புங்கிறீங்களே!"

வாசிகசாலையே சிரித்தது. நானும்தான், நெஞ்சு குளிரச் சிரித்தேன். அடுத்த மாதம் அந்த நாவலாசிரியரே கண்டிக்கு வந்து பேசுவதாக ஏற்பாடு. வழக்கு அங்கே தீரும் என்று நம் காரியதரிசி, அந்த யாழ்ப்பாணத்துக்காரர், கையைத் தட்டினார். "ஓம், அப்பிடியே செய்வம். ஆர் சொன்னது சரியோ அவர் மாலை போடட்டும்."

நானா, அந்த மாலைக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்று உங்களுக்குத் தெரியாது. மாலையைப் போட்டுவிட்டு அவரிடம் சொல்ல ஒரு வாக்கியம் செய்து வைத்திருந்தேன். வாவிக்கரையில் நடக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன்.

அவர் வந்தார். மண்டபத்து வாசலில் வருகைப் புத்தகத்தை நீட்டினார்கள். கோட்டுக்குள் கையை விட்டுப் பேனாவை எடுத்தார். பழுத்த மிளகாய் நிறம். காரியதரிசி என் முகத்தைப் பார்க்காமலே மாலையை உங்கள் கையில் கொடுத்தார்.

விஷயத்தைக் கேட்டதும் நாவலாசிரியருக்கு ஆச்சரியம். "படத்த மட்டும் பாத்து எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"போட்டோப் பெட்டிக்கு செவப்புத் தெரியாது ஐயா," என்றீர்கள். "என்ட கலியாணப் போட்டோவில இந்தத் தொப்பி கறுப்பாத்தான் விழுந்தீக்கி. ஒங்கட பேனாவும் அந்தக் கறுப்புத்தான். அசல் கறுப்பெண்டா ஓரத்தில கொஞ்சம் வெளிச்சம் அடிக்கும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மூடியைத் திருகிக் கழற்றி, பேனாவையே உங்கள் கையில் கொடுத்து, எழுதிப் பாருங்கள் என்றார். என் உயிருக்கு உயிரான கதைகளையெல்லாம் எழுதிய அந்த முள்ளினால் நீங்கள் உங்கள் பெயரை எழுதினீர்கள். வயிறு எரிந்தது, நானா. வேறு எப்படிச் சொல்வது?

அடுத்து அவர், தன் கதைகளில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டார். அகப்பட்டுக்கொண்டீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கொஞ்சமும் அசையவில்லை. என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தீர்கள். "அதெல்லாம் வாசிக்கிற இவர்தான் ஐயா. நான் பேனா மட்டும்தான் பாக்கிற."

அவர் என்னைப் பார்த்தார். செய்து வைத்திருந்த வாக்கியம் எங்கே போனதோ! "பயணம் சௌகரியமா ஐயா?" என்று கேட்டேன். "சௌகரியம்," என்றார். அதற்குள் அவரை மேடைக்கு அழைத்துப்போய்விட்டார்கள்.

மாலையை நீங்கள் வென்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்குக் கிடைத்த அந்த ஒரு பார்வையும் நீங்கள் கொடுத்ததாகப் போய்விட்டதே, அதை எப்படிப் பொறுப்பது? கூட்டம் முடிந்து திரும்பும்போது கேட்டீர்கள்.

"கோவமா கிளாக்கர்?"

"இல்ல நானா."

"பொய்," என்று சிரித்துவிட்டு, எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி சொன்னீர்கள். நீங்கள் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

வீட்டுக்கு வந்து சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்தேன். மனைவி நெற்றியில் குங்குமம் கன்னங்கரேலென்று இருந்தது. தினமும் பார்க்கிற படம். விஷயத்தைச் சொன்னதும் அவள், "அப்போ இத்தன வருஷமா நான் கறுப்புப் பொட்டு வச்சிருந்ததா நெனச்சீங்களா?" என்றாள். அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

போன வருஷம் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. வாசிகசாலையில் மறுபடியும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் விரும்பியதும் அதுதான். சொல்கிறேன், தலையாட்டுகிறார்கள். போன வாரம் ஒரு படத்தைக் காட்டினார்கள். பார்த்தவுடன் தெரிந்தது, அசல் கறுப்பு. ஓரத்தில் வெளிச்சம் அடிக்கிறது. வேண்டுமென்றே, "பச்சை" என்றேன்.

"ஓம் ஓம், பச்சைதான்," என்றார் காரியதரிசி. ஒருவரும் மறுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் தூசி என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

இந்த ஊரில் என்னைவிட நன்றாக உடுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். விலை உயர்ந்த பேனா வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் மேலும் பொறாமை வரவில்லை, நானா. முயன்றும் பார்த்தேன். உங்கள் மேல் உள்ளது மட்டும் அப்படியே இருக்கிறது. அதை வேறு யாருக்கும் கொடுப்பதாக இல்லை.