வராத சுவிட்ச்

கண்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டதா? போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் கம்பனியின் பழைய ரைஸ் குக்கருக்குச் சுவிட்ச் கேட்டு, கலஹாவிலிருந்து புஷ்பம் என்றொரு அக்கா வந்துகொண்டிருந்தார். சர்வீஸ் கவுண்டரில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். "அடுத்த வாரம் வரும்க்கா" என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் தோட்டத்தில் ஒரு நாள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

நாலாவது தடவை அவர் கையில் எங்கள் கம்பனி நோட்டீஸ் இருந்தது. பழைய மாடலை நிறுத்திவிட்டுப் புதியதை விற்கிறார்களாம்.

"பஸ் ஸ்டாண்டுல குடுத்தாங்க. ஒங்களுக்குத் தெரியாதா தங்கச்சி, இல்ல தெரிஞ்சே அலைய விட்டீங்களா?"

விற்பனைப் பகுதிக்கு இரண்டு மாதமாகத் தெரியும். ஸ்டோர்ஸுக்கும் தெரியும், பழைய சுவிட்ச் எடுப்பதை நிறுத்தியதே அவர்கள்தான். மனேஜரிடம் கேட்டேன். "கூட்டத்தில் சொன்னோமே" என்றார். கவுண்டரில் நிற்கிறவர்களை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை. அந்த அக்காவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத மட்டும் கூப்பிட்டார். தமிழில் எழுதி, என் பெயரிலேயே கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டேன்.

நம் வீட்டுக் குக்கரும் அதே மாடல்தான், அப்பா. சுவிட்சுக்குக் காத்திருக்காதீர்கள். ஹப்புத்தளையிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால், என் பழைய ஸ்வெட்டரையும் கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, கவுண்டருக்கு ஓட வேண்டும். எப்போது வருவாய் என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த வாரம் என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் மகள்
நிரோஷினி