கரா என்றால் கார் இல்லையாம்

சாஸ்கட்டூன்
12 நவம்பர் 2018

அன்பு மகன் ஒஸ்தாபுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே உக்ரேனில், தெர்னோபிலில் நீயும் யாரினாவும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கல்யாணப் பேச்சு எடுத்த அன்று, வீடியோவில் யாரினாவின் அம்மாவை, சம்பந்தி ஸ்தெஃபானியாவைக் காட்டுவதற்கு முன் நீ என்ன சொன்னாய்? "அம்மா, நீ அதிகம் பேசாதே, சும்மா சிரிச்சுக்கிட்டே இரு." நான்கு தலைமுறையாக இந்தக் கனடாவில் நம் வீட்டில் பேசுகிற உக்ரேனிய மொழி எனக்குத் தெரியாதா என்று ரோஷம் வந்துதான், உனக்குச் சொல்லாமல் செப்டம்பரில் பல்கலைக்கழகத்தில் உக்ரேனிய மொழி, பண்பாட்டு வகுப்பில் சேர்ந்தேன். வாத்தியாருக்கே நான் பாடம் எடுப்பேன் என்று முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். வாத்தியார் சோல்யா உக்ரேனிலிருந்து வந்த பொல்தாவாக்காரி, உன்னைவிடச் சின்னவள். முதல் வாரமே என்னைத் தனியே கூப்பிட்டு, "ஹலினா அம்மா, நீங்க பேசுறது கேக்க ரொம்ப அழகா இருக்கு, ஆனா அதுல பாதி இங்கிலீஷ்" என்றாள். முதல் பரீட்சையில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளெல்லாம் பாஸ், நான் ஃபெயில். ஏழு வேற்றுமையும் ஏழு பக்கம் இழுக்கின்றன, நான் நடுவில் நிற்கிறேன்.

போன வாரம் குடும்பத்தைப் பற்றி எழுந்து பேசச் சொன்னாள். "என் வீட்டுக்காரர் போகும்போது எனக்கு விட்டுட்டுப் போனது ஒரு பழைய சிவப்புக் கராதான்" என்று உருக்கமாகச் சொன்னேன். சோல்யா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் உங்களை என்ன பண்ணினாரு?" என்றாள். "ஒண்ணும் பண்ணல, குளிர்காலத்துல ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான்" என்றேன். அப்போதுதான் தெரிந்தது, கரா என்று நாம் காரைச் சொல்கிறோம், அங்கே உக்ரேனில் அதற்குத் தண்டனை என்று அர்த்தமாம். பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டேதான் பஸ் நிறுத்தம் வரை வந்தேன். அங்கே வந்ததும்தான் சம்பந்தியோடு பேசிய அந்த நாள் நினைவுக்கு வந்தது.

அன்று வீடியோவில் நீ காபி எடுக்கப் போயிருந்த நேரம் நான் பெருமையாக என்ன அளந்தேன் தெரியுமா? "ஒஸ்தாபுக்குப் பதினாறு வயசான அன்னிக்கே அவங்கப்பா ஒரு கரா குடுத்தாரு. எங்க வீட்டுல ஆளுக்கு ஒண்ணு." ஸ்தெஃபானியாவின் முகம் வாடியது, நம் வசதியைப் பார்த்து மிரண்டுவிட்டாள் என்று நினைத்தேன் பார், அப்பேர்ப்பட்ட புத்திசாலி நான்! அதற்குப் பிறகுதானே அவள் உருளைக்கிழங்கு அறுவடை, கூரை வேலை என்று தேதியைத் தள்ளிக்கொண்டே போனாள், நீயும் உன்னைப் பிடிக்கவில்லை போல என்று உள்ளுக்குள் குமைந்தாய்?

வீடு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அவளை ஃபோனில் கூப்பிட்டு, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். பிறகு, "ஐயோ சம்பந்தி! உங்க வீட்டுக்காரர் புள்ளையப் போட்டு அடிச்சே வளத்தாருன்னுல்ல நெனச்சேன்! நாளைக்கு அவனும் என் பொண்ண அடிப்பானோன்னு எனக்குத் தூக்கமே இல்ல" என்று அழுதாள். அப்பவே ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "பெத்தவகிட்டயே அத எப்படிக் கேக்கறது?" என்றாள். இருவரும் அழுது, சிரித்து, ஈஸ்டருக்குப் பிறகு இரண்டாவது சனிக்கிழமை கல்யாணம் என்று பேசி முடித்தோம். உன்னிடம் அவளே சொல்வாள், தெரியாததுபோல் இரு.

கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா ரொட்டியை ஏந்தி ஆசீர்வாதம் சொல்வதை யாரினாவின் சித்தியே செய்யட்டும் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் கண்ணா. அதை நான்தான் சொல்வேன். தப்பாக வந்தால் கூட்டம் சிரிக்கட்டும், கல்யாண வீட்டில் சிரித்தால் என்ன குறைந்துவிடும்? உன் அப்பா இல்லாத இடத்தில் உன்னை வாழ்த்த இன்னொருத்தியின் வாயைக் கடன் வாங்க மாட்டேன்.

தொப்பி போடாமல் வெளியே போகாதே. யாரினாவின் கால் அளவை மறக்காமல் எழுது, கம்பளிக் காலுறை பின்ன வேண்டும். நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு, மனம்விட்டுப் பேசி வாழ வேண்டும்.

உன் அம்மா
ஹலினா